ஆண்டின் சிறந்த உதைபந்தாட்ட வீரரை ஆர் தெரிவு செய்யிறது: பேப்பர்காரரோ, பெடியளோ, சனமோ?

கிளிநொச்சி, முல்லைத்தீவு ரெண்டு பக்கத்துக் கழகங்களும் சேந்து நடத்துற எங்கட லீக் முடிய, ஆண்டின் சிறந்த வீரர் எண்டு ஒரு விருது குடுக்கிறதில ஒருத்தருக்கும் மறுப்பில்லை, காசும் வெளிநாட்டில இருக்கிற அண்ணைமார் தாறம் எண்டிட்டினம், ஆனா அந்த ஆளை ஆர் தெரிவு செய்யிறது எண்டு கேட்ட உடன கூட்டம் நாலாப் பிரிஞ்சு போச்சு. ஒரு பகுதி பேப்பர்காரர் சொல்லட்டும் எண்டுது, இன்னொரு பகுதி விளையாடுற பெடியளே வோட் போடட்டும் எண்டுது, சில பேர் பேஸ்புக்கில விடுவம் சனம் சொல்லட்டும் எண்டினம், மிச்ச ஆக்கள் நடுவர்மாரிட்ட விட்டிட்டுப் பேசாம இருப்பம் எண்டினம். இதில ஒண்டும் புதுசில்லை. வெளியில பெரிய பெரிய நாடுகளிலயே இதே பிடுங்குப்பாடு எழுவது எண்பது வருசமா நடக்குது, ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில போய்ப் பாத்திருக்கு, அங்க என்ன நடந்தது எண்டு பாத்திட்டு எங்கட கிறவுண்டுக்கு எது சரிவரும் எண்டு யோசிச்சாக் காணும்.

இப்ப எங்க எப்பிடி நடக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். பைனல் முடிஞ்சு பிரதம விருந்தினர் மைக்கைப் பிடிச்சுப் பேசிக்கொண்டிருக்கேக்க மேசைக்குப் பின்னால ரெண்டு பேர் குசுகுசுத்து, தொடர் ஆட்டநாயகன் ஆருக்குப் போடுவம் எண்டு கேட்டு, கப் எடுத்த ரீமில கடைசிக் கோல் அடிச்ச பெடியன்ர பேரை ஒரு துண்டில எழுதிக் குடுப்பினம். ரெண்டு நாள்ல முடியிற நினைவுக் கிண்ணத்துக்கு அது பரவாயில்லை, எல்லாரும் ஒரே கிறவுண்டில நிண்டு பாத்தது தானே. வருசம் முழுக்க ஓடுற லீக்குக்கு அது சரிவராது. உருத்திரபுரத்தில நடந்த மட்ச்சை முள்ளியவளைக்காரர் பாக்கேல்லை, மல்லாவியில நடந்ததை விசுவமடுக்காரர் பாக்கேல்லை, எல்லா மட்ச்சையும் பாத்த ஆள் எண்டு ஒருத்தரும் எங்களிட்ட இல்லை. அதால ஒவ்வொரு முறையையும் நான் ஒரே ஒரு கேள்வியை வச்சுத்தான் அளக்கிறன்: வோட் போடுற ஆள் அந்தப் பெடியன் விளையாடினதை உண்மையாக் கண்ணால பாத்தவரோ?

முதல்ல பேப்பர்காரர். இங்கிலாந்தில இது தான் பழசு. உதைபந்தாட்ட எழுத்தாளர் சங்கம் எண்டு ஒண்டு 1947 இல தொடங்கி அடுத்த வருசமே, 1948 இல, முதல் விருதை பிளாக்பூலுக்கு விளையாடின ஸ்ரான்லி மத்தியூஸுக்குக் குடுத்தது. கோல் கணக்கை மட்டும் பாக்காம ஆளின்ர நடத்தை, மற்ற ஆக்களுக்கு முன்மாதிரியா இருக்கிறது எல்லாத்தையும் சேத்துத் தான் பாக்கிறது எண்டு ஆரம்பத்திலயே அவையள் வச்ச எண்ணம். அதால சில வருசங்களில கோல் அடிக்கிற ஆள்களுக்குக் கிடைக்காதது வேற ஆக்களுக்குக் கிடைச்சிருக்கு. இதில எனக்குப் பிடிச்ச கதை 1956. மான்செஸ்ரர் சிற்றியின்ர கீப்பர் பேர்ட் ட்ரவுட்மான், ஜேர்மன் பராசூட் படையில இருந்து இங்கிலாந்துக்காரரிட்டப் பிடிபட்டு கைதியா வந்தவர், விடுதலை ஆனாப் பிறகும் ஊருக்குப் போகாம அங்கயே தங்கீட்டார். 1949 இல சிற்றி அவரை எடுக்கேக்க சனம் றோட்டில இறங்கி எதிர்ப்புக் காட்டினது, சண்டை முடிஞ்சு நாலு வருசம் தானே, வீட்டுக்கு வீடு செத்த வீடு. ஏழு வருசம் கழிய அதே நாட்டுப் பேப்பர்காரர் அவரைத் தான் ஆண்டின் சிறந்த வீரர் எண்டு தெரிவு செய்தினம். அந்த விருதை எடுத்த முதல் கோல் காப்பாளரும் அவர் தான். சண்டைக்குப் பிறகு ஒரு சனம் தன்ர மனசை மாத்திறது எவ்வளவு கஷ்டம் எண்டு வன்னியில இருக்கிற எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதில இன்னொரு விசயமும் இருக்கு. அந்த விருது பைனலுக்கு முதலே முடிவாகீட்டுது. பிறகு நடந்த எஃப்ஏ கப் பைனல்ல முடிய ஒரு 17 நிமிசம் இருக்கேக்க ட்ரவுட்மான் எதிர் ரீம்காரன்ர காலில போய் விழுந்து கழுத்தில அடிபட்டார், மாத்து ஆட்டக்காரர் இல்லாத காலம், அப்பிடியே நிண்டு மிச்ச நேரமும் கோல் காத்தார், சிற்றி 3-1 எண்டு பேமிங்ஹாமை வெண்டது. பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாத் தான் தெரியும் கழுத்து எலும்பு முறிஞ்சிருக்கு எண்டு. அவருக்கு முதலே விருது குடுத்தாச்சு, அதால பிரச்சினை இல்லை, ஆனா யோசிச்சுப் பாருங்கோ, வோட் பெட்டியை மூடினாப் பிறகு வேற ஒருத்தன் உப்பிடி விளையாடியிருந்தா என்ன செய்யிறது?

பேப்பர்காரர் முறையில உள்ள நல்ல விசயம் அவையள் பின்வரிசை ஆக்களையும் பாப்பினம் எண்டது. அதுக்கு ஜேர்மனியைத் தான் சொல்லவேணும். அங்க 1960 இல தொடங்கினது, முதல் எடுத்தது ஹம்பேர்க் உவே சீலர், கிக்கர் எண்ட பத்திரிகை நடத்துது, விளையாட்டுப் பத்திரிகையாளர்மார் வோட் போடுறவை. அங்க கீப்பர்மார் அள்ளிக்கொண்டு போயிருக்கினம்: செப் மையர் மூண்டு தரம், ரோனி ஷூமாக்கர் ரெண்டு தரம், ஒலிவர் கான் 2000, 2001 ரெண்டு வருசமும் அடுத்தடுத்து, பிறகு மானுவல் நொயர் ரெண்டு தரம். அதே மாதிரிப் பத்திரிகையாளர்மார் வோட் போடுற, பிரான்ஸ் பத்திரிகை ஒண்டு குடுக்கிற பலோன் டோர் விருதைப் பாத்தா, 1956 இல இருந்து இண்டைக்கு வரைக்கும் ஒரே ஒரு கீப்பர், 1963 இல சோவியத் லெவ் யாஷின், அவ்வளவு தான். கடைசியில கீப்பர்மாருக்கெண்டு அவர்ர பேரிலயே தனி விருது ஒண்டு 2019 இல தொடங்க வேண்டி வந்தது. இங்கிலாந்திலயும் 1985 இல நெவில் சவுத்தோலுக்குப் பிறகு ஒரு கீப்பருக்கும் பேப்பர்காரர் குடுக்கேல்லை. அப்ப பேப்பர்காரர் எண்டா எல்லா இடமும் ஒரே மாதிரி எண்டு இல்லை, மட்ச்சுக்கு மட்ச் போய் உக்காந்து ஒவ்வொரு ஆளுக்கும் மார்க் போட்டுப் பழகின ஆக்கள் கீப்பரைக் காணுவினம், ரிவியில ஹைலைட்ஸ் பாக்கிற ஆக்கள் கோலைத் தான் காணுவினம். இது என்ர அபிப்பிராயம், ஆனா பிழையெண்டு நினைக்கேல்லை.

சரி எங்கட பக்கம் வருவம். கிளிநொச்சியில, முல்லைத்தீவில இருக்கிற செய்தியாளர் தம்பிமாருக்கு யானை வயலுக்க இறங்கினதில இருந்து காணிப் பிரச்சினை, வெள்ளம், பள்ளிக்கூட விழா, விபத்து எல்லாத்தையும் ஒரு மோட்டசைக்கிள்ல ஓடி எடுக்கவேணும், எழுதிற செய்திக்குக் கிடைக்கிற காசு பெற்றோலுக்கும் காணாது. மட்ச் செய்தி எண்டு பேப்பரில வாறதில கனக்க கழகச் செயலாளர் வட்ஸ்அப்பில அனுப்பினது தான், படமும் அவர் தான், தலைப்பும் அவர் தான். அவையளைக் குறை சொல்லேல்லை, ஆனா பாக்காத மட்ச்சுக்கு வோட் போடச் சொன்னா அவையளும் பாவம் விருதும் பாவம். இந்த முறை எங்களுக்கு இல்லை.

அடுத்தது விளையாடுற ஆக்களே வோட் போடுறது. இங்கிலாந்தில ஆட்டக்காரர் சங்கம் 1974 இல இதைத் தொடங்கேக்க முதல் ஆளா ஆரைத் தெரிவு செய்தினம் எண்டு பாருங்கோ: லீட்ஸ் யுனைட்டட் பின்வரிசை நோர்மன் ஹன்ரர். இந்த ஆள் காலைக் கடிச்சிடுவார் எண்டு சனமே பதாகை எழுதிப் பிடிச்ச ஆள். பேப்பர்காரர் எண்டா அப்பிடி ஒரு ஆளை முதல் வருசமே தூக்கிப் பிடிச்சிருப்பினமோ தெரியாது, ஆனா அவரை எதிர்த்து விளையாடி சின்னெலும்பில வாங்கிக் கட்டினவனுக்குத் தான் தெரியும் அந்த ஆளைத் தாண்டிப் போறது என்ன பாடு எண்டு. ஆட்டக்காரர் வோட்டின்ர ருசி அது தான்.

ரெண்டு பக்கமும் ஒரே வருசத்தில வேற வேற ஆளைத் தெரிவு செய்த வருசங்களைப் பாத்தா வித்தியாசம் வடிவா விளங்கும். 2016 இல லெஸ்ரர், 5000 க்கு 1 எண்டு பந்தயக்காரர் சிரிச்ச ரீம், கப் எடுத்தது. பேப்பர்காரர் ஜேமி வார்டிக்குக் குடுத்தினம், கீழ்மட்ட லீக்கில விளையாடிக்கொண்டு ஃபக்ரரியில வேலை செய்து மேல வந்த ஆள், கதைக்குக் கதை. ஆட்டக்காரர் ரியாட் மஹ்ரெஸுக்குக் குடுத்தினம், ஏனெண்டா அவன்ர இடக்காலை மறிக்கேலாம திண்டாடினது அவையள் தானே. 2020 இல கொரோனா நேரம், பேப்பர்காரர் லிவர்பூல் கப்டன் ஜோர்டன் ஹென்டர்சனுக்கு, கப்பும் எடுத்தவர், ஆஸ்பத்திரி ஆக்களுக்குக் காசு சேர்க்கிறதில ஆட்டக்காரரை ஒண்டு சேத்தவரும் அவர் தான். ஆட்டக்காரர் கெவின் டி ப்ரூய்னவுக்கு. ரெண்டும் பிழையில்லை. பேப்பர்காரர் வருசத்தின்ர கதையைப் பாக்கினம், ஆட்டக்காரர் காலைப் பாக்கினம்.

ஆட்டக்காரர் வோட்டிலயும் ஓட்டை இருக்கு. கனகாலமா அவையள் சீசன் முடிய முதலே வோட் போட்டு முடிச்சிடுவினம், அதால ஏப்ரல் மே மாசத்தில என்ன நடந்தாலும் கணக்கில்லை. 1999 இல மான்செஸ்ரர் யுனைட்டட் மூண்டு கப் எடுத்த வருசம், விருது ரொட்டன்ஹாமில விளையாடின டேவிட் ஜினோலாவுக்குப் போச்சு, ஆட்டக்காரர் விருது மட்டும் இல்லை பேப்பர்காரர் விருதும் அவருக்குத் தான், யுனைட்டட் ஆக்களுக்குள்ள வோட் பிரிஞ்சு போச்சு எண்டு சொல்லுவினம். 2009 இல ரயன் கிக்ஸ். வோட் எடுக்கேக்க அந்த சீசன்ல லீக் மட்ச் தொடக்கத்தில இறங்கினது கொஞ்சமே கொஞ்சம், ஆனா இவ்வளவு வருசம் விளையாடின மனுசன், ஒருக்காவும் கிடைக்கேல்லை எண்டு பாசத்தில போட்டிட்டினம். எங்கட ஊரில உந்தப் பாசம் பத்து மடங்கு. ஆர் ஆருக்கு மச்சான், ஆர் ஆற்ற பள்ளிக்கூடம், ஆர் போன நினைவுக் கிண்ணத்துக்கு ஆருக்கு இரவலாப் போய் விளையாடினது, எல்லாம் வோட்டில வந்து நிக்கும். இங்கிலாந்தில தன்ர ரீம்காரருக்கு வோட் போடக்கூடாது எண்டு சட்டம், எங்களிட்ட ரீம்காரர் எண்டு ஆரைச் சொல்லுறது? போன மாசம் இவனோட, இந்த மாசம் அவனோட.

கப்டன்மாரும் கோச்மாரும் மட்டும் போடட்டும் எண்டு ஒரு யோசனை வந்தது, அது பீபா வழி. 2010 இல இருந்து 2015 வரைக்கும் பலோன் டோரும் பீபாவும் சேந்து நடத்தினது, உலகத்தில ஒவ்வொரு நாட்டுக் கப்டன், ஒவ்வொரு நாட்டுக் கோச், ஒரு பத்திரிகையாளர், இலங்கைக் கப்டன்ர வோட்டும் பிரேசில் கப்டன்ர வோட்டும் ஒரே பெறுமதி. முதல் வருசமே சண்டை. இன்ரர் மிலான் மூண்டு கப் எடுத்து, ஒல்லாந்தை உலகக்கிண்ணப் பைனலுக்கும் கொண்டு போன வெஸ்லி ஸ்னைடர் பத்திரிகையாளர் வோட்டில மட்டும் பாத்தா முதலாவது, ஆனா கப்டன் கோச் வோட் சேர நாலாவது ஆகி மெஸ்ஸிக்குப் போச்சு. கப்டன்மார் தங்களுக்குத் தெரிஞ்ச பேருக்குப் போடுவினம், அதில ஆச்சரியம் ஒண்டும் இல்லை, தூரத்தில இருக்கிறவனுக்கு ரிவியில காணுறது தான் உலகம். 2013 இல இன்னும் மோசம், வோட் காணாது எண்டு திகதியைத் தள்ளி வச்சினம், அதுக்குள்ள ரொனால்டோ சுவீடனுக்கு எதிரா மூண்டு கோல் அடிச்சார், ஏற்கனவே போட்ட வோட்டையும் மாத்தலாம் எண்டினம், பிரான்ஸ் ஃபிராங்க் ரிபெரிக்கு இண்டைக்கும் அந்த எரிச்சல் ஆறேல்லை. திகதி ஒருக்காச் சொன்னாச் சொன்னது தான் எண்டதுக்கு உதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எங்கட கூட்டங்களில திகதி தள்ளிப் போகாத ஒரு விசயம் இருந்தாச் சொல்லுங்கோ.

பீபாவில ஒரு நல்ல பழக்கம், ஆர் ஆருக்குப் போட்டது எண்டு எல்லாத்தையும் வெளியில விடுவினம். அதை மட்டும் நாங்கள் களவெடுக்கலாம். பலோன் டோர் திரும்பப் பிரிஞ்சு போய், 2022 இல இருந்து பீபா தரவரிசையில முதல் 100 நாட்டுப் பத்திரிகையாளருக்கு மட்டும் வோட் எண்டு ஆக்கீட்டுது, நாங்கள் எவ்வளவோ கீழ, அதால இலங்கையில இருந்து அதில ஒருத்தரும் இல்லை. போகட்டும்.

பேஸ்புக் வோட் பற்றிக் கனக்க எழுதத் தேவையில்லை. பீபாவே சனத்தின்ர வோட்டுக்கு நாலில ஒரு பங்கு தான் குடுக்குது, மிச்சம் கப்டன், கோச், ஊடகம். எங்களிட்ட முழுதும் பேஸ்புக் எண்டா எந்த ஊருக்கு ரொறன்ரோவிலயும் லண்டன்லயும் பாரிஸிலயும் கூடச் சனம் இருக்கோ அந்த ஊர்ப் பெடியன் வெல்லுவான், அவன் கிறவுண்டில இறங்கத் தேவையில்லை. லைக் போடுற மாமாமாரும் சித்திமாரும் அவனைக் கடைசியாப் பாத்தது அவன்ர சாமத்திய வீட்டு வீடியோவில ஓடித் திரிஞ்சதா இருக்கும், அதுவும் அக்காட சாமத்திய வீடு.

கோல் கணக்கு மட்டும் பாப்பம், சண்டை இல்லை எண்டும் ஒரு அண்ணை சொன்னவர். சண்டை இல்லைத் தான். ஆனா எங்களிட்ட 11 பேர் மட்ச்சும் இருக்கு, 9 பேர், 7 பேர் மட்ச்சும் இருக்கு, ஆள் காணாம வந்த ரீமுக்கு அடிச்ச அஞ்சு கோலும் பைனல்ல அடிச்ச ஒரு கோலும் ஒண்டாகாது. கூடக் கோல் அடிச்சவனுக்குத் தனியா ஒரு பூட்ஸ் குடுங்கோ, இந்த விருதோட சேக்காதேங்கோ.

இனி நடுவர்மார். இதுக்கு உதைபந்தாட்டத்தை விட்டு கொஞ்சம் வெளியில போகவேணும். அவுஸ்ரேலியாவில அவையின்ர சொந்த ஃபுட்போல் ஒண்டு இருக்கு, நீளவட்டப் பந்து, அதில பிரவுண்லோ பதக்கம் எண்டு 1924 இல இருந்து குடுக்கினம். ஒவ்வொரு மட்ச் முடியவும் நடுவர்மார் 3, 2, 1 எண்டு மூண்டு பேருக்குப் புள்ளி எழுதி மூடி வைப்பினம், சீசன் முடிஞ்சு ஒரு இரவு எல்லாத்தையும் உடைச்சு வாசிப்பினம். அந்தந்த மட்ச்சைப் பாத்த ஆள், அந்தந்த நேரமே எழுதிறது, பிறகு ஞாபகத்தில இருந்து இல்லை. இதில எனக்கு அவ்வளவு விருப்பம். இன்னொரு விதி, தடை வாங்கின ஆளுக்கு பதக்கம் கிடையாது. 1997 இல கிறிஸ் கிராண்ட் எண்டவர் எல்லாரையும் விடக் கூடப் புள்ளி எடுத்தவர், ஆனா நடுவில ஒரு மட்ச் தடை, அவ்வளவு தான், அடுத்தவருக்குப் போச்சு. கொடூரம் தான், ஆனா எங்கட கிறவுண்டுகளில நடுவரைத் துரத்துற துரத்தலைப் பாக்கேக்க உப்பிடி ஒரு விதி வேணும் எண்டு தான் தோணுது.

ஆனா நடுவர்மாரை மட்டும் நம்பி இதைச் செய்யேலாது, அவையள் நல்லவையோ கெட்டவையோ எண்டது வேற கதை. இருக்கிறதே கொஞ்சப் பேர், ஒரே ஆள் காலமை ஒரு மட்ச் பின்னேரம் ஒரு மட்ச் எண்டு ஊதுவார், வெயிலுக்க ஓடி, ஓஃப்சைட் பாத்து, சண்டை விலக்கி, கார்ட் எழுதி முடிய அவருக்கு எந்த நம்பர் பெடியன் நடுவில நிண்டு பந்தை வெட்டினான் எண்டு ஞாபகம் இருக்காது. அதோட ஏற்கனவே வாங்கிற ஏச்சு காணாதெண்டு இதையும் அவற்ற தலையில கட்டவேணுமோ?

பிரேசில்ல வேற மாதிரிச் செய்தவை. பிளக்கார் எண்ட பத்திரிகை 1970 இல வெள்ளிப் பந்து விருதைத் தொடங்கி, 1973 இல இருந்து எல்லாத்திலயும் மேல வாற ஆளுக்குத் தங்கப் பந்து. ஒவ்வொரு மட்ச்சுக்கும் போற செய்தியாளர் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மார்க் போடுவார், முடிவில சராசரி. அந்த முதல் தங்கப் பந்தை எடுத்தது ஆர் தெரியுமோ? சாந்தோஸ் கீப்பர் ஆர்ஜென்ரீனாக்காரர் செஜாஸும், கிரேமியோ பின்வரிசை உருகுவேக்காரர் அன்செற்றாவும், ரெண்டு பேரும் சமம். பெலே இருந்த நாட்டில, கோல் அடிக்கிற ஆக்கள் குவிஞ்சு கிடந்த நாட்டில, மட்ச்சுக்கு மட்ச் மார்க் போட்டுக் கூட்டிப் பாத்தா ஒரு கீப்பரும் ஒரு பின்வரிசை ஆளும் மேல வருகினம், அதுவும் வெளிநாட்டுக்காரர். எனக்கு இந்த ஒண்டே காணும், கடைசியில ஞாபகத்தில வோட் போடுறதை விட மட்ச்சுக்கு மட்ச் எழுதிறது திறம் எண்டு சொல்ல.

அப்ப எங்களுக்கு ஆர் எழுதிறது? மட்ச்சுக்கு கட்டாயம் வந்து, கடைசி வரை நிண்டு, கண்ணை எடுக்காமப் பாத்த ஆக்கள் ஒரே ஒரு கூட்டம் தான் இருக்கு, எதிர் ரீம். அதால என்ர சொல்லு இது: ஒவ்வொரு மட்ச் முடியவும் ரெண்டு ரீமும் எதிர் ரீமில மூண்டு பேரை 3, 2, 1 எண்டு எழுதி, கப்டனும் கோச்சும் கையெழுத்து வச்சு, என்வலப்பில ஒட்டி போட்டி ஒழுங்குபடுத்திற ஆளிட்டக் குடுக்கிறது. தன்ர ஆளுக்குப் போட வழியே இல்லை. மச்சான் எதிர் ரீமில இருந்தா? இருப்பான், ஆனா ஒரு மட்ச்சில ஒரு மச்சான் தான், வருசம் முழுக்க எல்லா ரீமிலயும் மச்சான்மார் வச்சிருக்கிறவன் அரசியலுக்குப் போகட்டும்.

உடன வாற மறுப்பு எனக்குத் தெரியும். வேணுமெண்டு நல்லா விளையாடினவனை விட்டிட்டு மூலையில நிண்டவனுக்கு 3 போடுவாங்கள் எண்டு. போடுவாங்கள் தான், ஒரு ரீம் ரெண்டு ரீம். அதுக்குத் தான் பீபா பழக்கத்தைக் களவெடுக்கச் சொன்னனான், கடைசி நாள் எல்லா என்வலப்பையும் சனத்துக்கு முன்னால உடைச்சு ஒலிபெருக்கியில வாசிக்கிறது, எந்த ரீம் ஆருக்குப் போட்டது எண்டு ஊர் முழுக்கக் கேக்கும். உங்களுக்கு மூண்டு கோல் அடிச்சவனுக்கு ஒண்டும் போடாம ரெண்டாம் பாதியில இறங்கின சின்னப் பெடியனுக்கு 3 போட்டா அதுக்குப் பிறகு சந்தையில தலை காட்டேலாது. வன்னியில வெக்கம் இன்னும் கொஞ்சம் வேலை செய்யுது.

புள்ளியைக் கூட்டிறதோ சராசரி எடுக்கிறதோ எண்டதையும் இப்பவே முடிவெடுக்கவேணும். விலகல் முறையில நடத்தினா முதல் சுற்றிலயே போன ரீமின்ர நல்ல ஆட்டக்காரனுக்கு ஒரு மட்ச் தான், பைனலுக்கு வந்தவனுக்கு அஞ்சு ஆறு, கூட்டினா எப்பவும் பைனல்காரன் தான் வருவான். லீக் முறை எண்டா இந்தப் பிரச்சினை குறைவு. எதுக்கும் சராசரி எடுக்கிறது நல்லது, ஆனா தன்ர ரீமின்ர மட்ச்சில பாதிக்கு மேல விளையாடியிருக்கவேணும் எண்டு வையுங்கோ, இல்லாட்டி மன்னார்ல இருந்து ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு வந்த ஆள் ஒரு மட்ச்சில 3 எடுத்து சராசரி 3 எண்டு கொண்டு போயிடுவார்.

உதில இருந்து தான் அடுத்த பிரச்சினை, எங்கட ஆள் எண்டா ஆர்? சுவீடன்ல 1946 இல இருந்து தங்கப் பந்து குடுக்கினம், சுவீடன்காரன் உலகத்தில எங்க விளையாடினாலும் சரி. என்ன நடந்தது? ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் 12 தரம் எடுத்தார், அதில 2007 இல இருந்து 2016 வரை பத்து வருசம் தொடர்ச்சியா. அவர் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் எண்டு திரிஞ்சு விளையாடிக்கொண்டிருக்கேக்க ஊர் லீக்கில பனியில ஓடின பெடியனுக்கு அந்தப் பத்து வருசமும் ஒரு சந்தர்ப்பமும் இல்லை. ஜேர்மனி ரெண்டையும் சேத்தது, ஜேர்மன்காரன் எங்க விளையாடினாலும் சரி, வெளிநாட்டுக்காரன் ஜேர்மனியில விளையாடினாலும் சரி. இந்தியாவில சுனில் சேத்ரி ஏழு தரம் எடுத்தவர், அது வேற, மனுசன் பெரும்பாலும் அங்கயே நிண்டு விளையாடினவர். எங்கட பெடியளில கொழும்புக் கழகங்களுக்குப் போய் விளையாடுறவை இருக்கினம், பெருமை தான், வந்தா மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துங்கோ, ஆனா இந்த விருது இந்த லீக்கில பதிஞ்சு விளையாடினவனுக்கு. யாழ்ப்பாணத்தில இருந்தோ மன்னார்ல இருந்தோ வந்து பதிஞ்சு வருசம் முழுக்க எங்கட கழகத்துக்கு ஓடினவன் எண்டா அவனும் எங்கட ஆள், செஜாஸும் அன்செற்றாவும் பிரேசில்காரரோ?

பெட்டைப் பிள்ளையளுக்கு வேற விருதோ எண்டு கேட்டவை. ஓம், வேற, ஆனா அதே காசு, அதே மேடை, அதே நாள். சுவீடன் 1990 இலயே பெண்களுக்கு வைரப் பந்து தொடங்கீட்டுது, இந்தியாவில 2001 இல மணிப்பூர் பெம்பெம் தேவி முதல் எடுத்தவ, பலோன் டோர்காரர் தான் 2018 வரைக்கும் நித்திரை, ஆண்களுக்குத் தொடங்கி 62 வருசத்துக்குப் பிறகு அடா ஹெகர்பேர்க்குக்குக் குடுத்தினம். 2023-24 க்கு இந்தியாவின்ர சிறந்த வீராங்கனை எங்கட பாசை கதைக்கிற பிள்ளை, கடலூர் இந்துமதி கதிரேசன். எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்களில பிள்ளையள் ஓ லெவல் வரைக்கும் விளையாடிப் போட்டு பிறகு விளையாடக் கழகம் இல்லாம நிக்கினம், அதை இந்த விருது தீர்க்காது, ஆனா விருது இருந்தா லீக் நடத்தத் தான் வேணும், லீக் நடத்த கழகங்கள் பிள்ளையளைச் சேக்கத் தான் வேணும். கழகம் இருந்தாத் தான் விருது எண்டு நிண்டா ரெண்டும் வராது.

காலம் எண்டு பாத்தா பலோன் டோரும் 2022 இல தான் ஜனவரி டிசம்பர் கணக்கை விட்டிட்டு சீசன் கணக்குக்கு வந்தது. எங்களுக்கு சீசனை வானம் தான் முடிவெடுக்கிறது. ஐப்பசி கார்த்திகையில கிறவுண்ட் எல்லாம் தண்ணி, பெடியள் காலபோக விதைப்பில, மாசி பங்குனியில வெட்டு, அதுக்குப் பிறகு தான் பந்து உருளும். அதால சித்திரையில தொடங்கி புரட்டாதிக்குள்ள பைனல், பைனல் முடிஞ்ச அண்டைக்கே பைனல் மட்ச் என்வலப்பும் சேத்து உடைக்கிறது. பைனலுக்கு முதல் ஒரு பேரையும் வெளியில விடக்கூடாது.

சமமா வந்தா? 1969 இல இங்கிலாந்துப் பேப்பர்காரர் டேவ் மக்காய்க்கும் ரோனி புக்குக்கும் பாதி பாதியாக் குடுத்தினம். பீபா 2023 விருதில மெஸ்ஸியும் ஹாலண்டும் ரெண்டு பேரும் 48 புள்ளி, கப்டன்மார் முதலிடம் போட்டது ஆருக்குக் கூட எண்டு பாத்து மெஸ்ஸிக்குக் குடுத்தினம், அவர் வாங்க வரவும் இல்லை. நாங்கள் முதல்ல கார்ட் குறைவா வாங்கினவனைப் பாப்பம், அதுவும் சமமெண்டா கூட 3 வாங்கினவன், அதுவும் சமமெண்டா காசைப் பிரிச்சுக் குடுப்பம். சிவப்புக் கார்ட் வாங்கினவனை அவுஸ்ரேலியா மாதிரி ஒரேயடியா வெளியில போடுறதோ எண்டதில மட்டும் எனக்கு இன்னும் ரெண்டு மனம், ரெண்டு மஞ்சள்ல வந்த சிவப்பும் சண்டை பிடிச்சு வந்த சிவப்பும் ஒண்டில்லைத் தானே, அதை நீங்கள் தான் வாற கூட்டத்தில சொல்லவேணும்.

காசு எவ்வளவு எண்டாலும் அதில ஒரு பகுதியை அந்தப் பெடியன்ர முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ வைத்தியம் பாக்க எண்டு கழகத்திட்ட ஒதுக்கி வைக்கச் சொல்லி எழுதுங்கோ. வருசம் முழுக்க விளையாடி மூண்டாம் நாள் கூலி வேலைக்குப் போறவன் அவன், கால் வீங்கினா வேலையும் இல்லை மட்ச்சும் இல்லை.